வீட்டு லேத், வீட்டுச் சாமான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் பிறை என்ற ஊரில், எங்கள் தாமான் (குடியிருப்பு) வீட்டுக்குப் பின்புறம் ஒரு சின்ன அறை. அதில் மேசைமேல் வைக்கும் லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றும், சிறிய மில்லிங் மெஷின் ஒன்றும் இருக்கின்றன. தொழிற்சாலை டூல் ரூமில் பல வருடம் நின்றவன் நான். இப்போது அந்த வேலையை வீட்டுக்காகவும் தெரிந்தவர்களுக்காகவும் செய்கிறேன். கோயிலில், கல்யாண வீட்டில், தேநீர்க் கடையில் என்று எங்கே பார்த்தாலும் அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

லேத்துக்கும் மில்லுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் வேணுமா அண்ணே?

லேத்தில் நாம் செய்கிற துண்டு சுற்றும், டூல் பக்கத்தில் நகர்ந்து சீவும். அதனால் அதில் வருவதெல்லாம் உருண்டைச் சாமான்: ஆணி, புஷ் (அச்சு நுழையும் உட்குழல்), குமிழ், சக்கரம், மரை (திருகுத் தடம்). மில்லில் துண்டு வைஸ் என்ற பிடிக்கருவியில் அசையாமல் இருக்கும், கட்டர் சுற்றும். தட்டை முகம், காடி (நீளப் பள்ளம்), வரிசையான துளைகள், சதுரத் தலை எல்லாம் அங்கே.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் லேத் வாங்குங்கள். வீட்டில் தேய்ந்து போகிற பாகங்கள் பெரும்பாலும் சுற்றுகிற பாகங்கள்தான், அவை உருண்டையாகவே இருக்கும். என் மில், லேத் வந்து நான்கு வருடம் கழித்துத்தான் வந்தது. அதுவரை தட்டை முகம் வேண்டுமென்றால் அரம்தான்.

இதை வச்சி வீட்டுக்கு உருப்படியா என்ன செய்ய முடியும்?

போன வருடம் இந்த அறையிலிருந்து வெளியே போனவற்றைச் சொல்கிறேன். இரும்புக் கேட்டின் கீல் ஆணி இரண்டு. சமையலறை அலமாரிக்குப் பித்தளைக் குமிழ்கள் பதினாறு. காப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளின் கூடைக்கு இடைப்புஷ். தேங்காய்த் துருவியின் கைப்பிடி அச்சு. ஆடிக்கொண்டிருந்த குத்துவிளக்குக்குப் புது மரை. முறுக்கு அச்சுக்குத் தட்டுகள். தோட்டக் குழாய்க்கு ஓர் இணைப்பு. தையல் மெஷினின் திருகு. ஊன்றுகோலின் அடிப் பூண். கேமரா நிறுத்தத் தாங்கிக்கு ஒரு திருகு, அது கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 20 மரை என்ற பழைய அளவு.

எல்லாம் உள்ளங்கையில் அடங்குகிற சாமான்கள். ஆனால் அதில் ஒன்று இல்லையென்றால் கேட் தொங்கும், தையல் மெஷின் மூலையில் போய் உட்காரும்.

கடையில அஞ்சு வெள்ளிக்குக் கிடைக்கிறதை ஏன் ரெண்டு மணி நேரம் உக்காந்து கடையணும்?

கடையக் கூடாது. கடையில் சரியான அளவில் கிடைத்தால் வாங்குங்கள். சாதாரண போல்ட், நட், பேரிங், ரப்பர் வளையம் இவற்றை நான் ஒருபோதும் செய்வதில்லை. ஹார்ட்வேர் கடையில் நன்றாகவே கிடைக்கின்றன.

லேத்தின் மதிப்பு, கடையில் கிடைக்காத அந்த ஒரு பாகத்தில்தான். செய்த கம்பெனி மூடிவிட்டது, அல்லது அந்த மாடல் நின்றுவிட்டது, அல்லது அந்தச் சாமான் முப்பது வருடத்துக்கு முன் ஊரிலிருந்து கப்பலில் வந்தது. “இதுக்கு ஸ்பேர் இல்லை, புதுசு வாங்கிக்குங்க” என்று கடைக்காரர் சொல்லும் இடத்தில்தான் நம் வேலை ஆரம்பிக்கிறது.

எந்த அளவு மெஷின் வாங்கலாம்? தொழிற்சாலை மூடுறாங்க, பெரிய லேத் மலிவா வருது, எடுக்கலாமா?

வீட்டு வேலைக்கு 7 அங்குல வகை மினி லேத் போதும். ஏறத்தாழ 180 மி.மீ. விட்டம் வரை சுற்றும், இரண்டு முனைகளுக்கு நடுவே 300 முதல் 350 மி.மீ. வரை நீளம் பிடிக்கும். எடை 40 கிலோ அளவில் இருப்பதால் இரண்டு பேர் தூக்கி வைத்துவிடலாம். நம் 230 வோல்ட் மூன்று முனைப் பிளக்கிலேயே ஓடும்.

தொழிற்சாலை லேத் அருமையான சாமான்தான், அசையாது, அதிராது. ஆனால் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு எடுங்கள். நூற்றுக்கணக்கான கிலோ எடையை வீட்டுக்குள் எப்படிக் கொண்டு வருவீர்கள்? தரை தாங்குமா? மின்சாரம் என்ன? அவை பெரும்பாலும் 415 வோல்ட் த்ரீ ஃபேஸ். வீட்டில் இருப்பது சிங்கிள் ஃபேஸ் என்றால் அதை த்ரீ ஃபேஸாக மாற்றித் தரும் இன்வெர்ட்டர் டிரைவ் போட வேண்டும், மோட்டாரின் இணைப்பையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கலாம். அதை உரிமம் உள்ள வயர்மேனிடம் விடுங்கள். பழைய மெஷின் என்றால் சக்குக்கு (துண்டைப் பிடித்துச் சுற்றும் தலை) பக்கத்தில் பெட் (டூல் நகரும் அடித்தடம்) தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதிகம் ஓடும் இடம் அதுதான்.

இன்னொன்று. மெஷின் விலையோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். டூல், டிரில், மரைவெட்டி, வெர்னியர், மைக்ரோமீட்டர், டயல் கேஜ் என்ற அளவுக் கருவிகள் எல்லாம் சேர்த்தால், காலப்போக்கில் மெஷின் விலையையே தொட்டுவிடும்.

நான் அடுக்குமாடியில இருக்கேன். வச்சா பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்களா?

மினி லேத்தின் சத்தம் தையல் மெஷினைவிடக் கொஞ்சம் கூட, கிரைண்டரைவிடக் குறைவு. தொல்லை காதுக்குப் போகும் சத்தத்தைவிடத் தரை வழியாகப் போகும் அதிர்வுதான். கனமான மேசையின் கால்களுக்குக் கீழே தடித்த ரப்பர் வையுங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் ஓட்டாதீர்கள்.

இரும்புத் துகள்தான் மெய்யான பிரச்சினை. செருப்பில் ஒட்டிக்கொண்டு கூடத்துக்கு வரும், குழந்தையின் காலில் குத்தும். லேத் அறைக்கென்று தனிச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். வாசலிலேயே கழற்றிவிடுங்கள்.

முதல்ல எதைச் செஞ்சு பழகலாம்?

20 மி.மீ. அலுமினியக் கம்பியில் ஓர் இடைப்புஷ். முகம் சீவுவது, வெளி விட்டம் கடைவது, நடுவில் துளை போடுவது, துண்டாக வெட்டுவது என்று லேத்தின் நான்கு அடிப்படை வேலைகளும் அதில் வந்துவிடும். 18.00 மி.மீ. என்று முடிவு செய்துவிட்டுச் செய்யுங்கள். 17.8-இல் நின்றால் அடுத்தது. ஐந்தாவதில் கை பழகிவிடும்.

அதற்குப் பிறகு ஒரு திருகு குமிழ்: 25 மி.மீ. தலை, சுற்றிலும் விரல் வழுக்காமலிருக்க நர்லிங் என்ற சொரசொரப்பு, நடுவில் எம்6 (6 மி.மீ. விட்ட) மரை. எம்6-க்கு 5 மி.மீ. துளை, எம்8-க்கு 6.8, எம்10-க்கு 8.5. இந்த மூன்றையும் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள், வாழ்நாள் முழுக்க வேண்டியிருக்கும்.

இரும்பு, பித்தளையெல்லாம் எங்க வாங்குறது? முழு நீளம்தான் தருவேன்றாங்க.

முழு நீளம் வேண்டாம், வெட்டுத் துண்டு கேளுங்கள். 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக மண்டலம் வந்ததிலிருந்து, அங்குள்ள தொழிற்சாலைகளுக்குப் பாகம் செய்து கொடுக்கும் பட்டறைகள் தீவிலும் பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கமும் பெருகிவிட்டன. அங்கே மிஞ்சுகிற துண்டுகள் நமக்குப் பொக்கிஷம். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு போய் மரியாதையாகக் கேட்டால் கிலோ கணக்கில் போட்டுத் தருவார்கள். பழைய இரும்புக் கடையிலும் பார்க்கலாம். பழைய கைக்கருவிகளுக்கு ஜார்ஜ்டவுன் லோரோங் கூலிட் காலைச் சந்தையைச் சுற்றி வாருங்கள். நல்ல அரமும் மரைவெட்டியும் எனக்கு அங்கே கிடைத்திருக்கின்றன.

ஆனால் பெயர் தெரியாத உலோகத்தில் ஒரு தொல்லை உண்டு. பழைய ஸ்பிரிங், ஆக்சில் போன்றவை கெட்டிப்படுத்திய எஃகாக இருக்கும், டூல் முனை போய்விடும். முதலில் ஓரத்தில் அரத்தால் இழுத்துப் பாருங்கள். அரம் கடித்தால் சரி, கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கினால் திருப்பி வைத்துவிடுங்கள்.

எங்க அம்மாவோட குத்துவிளக்கு ஆடுது தம்பி, நூல் சுத்தித்தான் நிறுத்தி வச்சிருக்கேன். சரி பண்ண முடியுமா?

முடியும். எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குத்துவிளக்கு பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சி என்று தனித்தனியாக வார்த்து மரை போட்டுச் சேர்ப்பது. வருடக்கணக்காகக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்து மாட்டுவதில் மரையின் உச்சி தேய்ந்துபோகும். இந்தக் கேள்வியைக் கேட்ட பக்கத்து வீட்டு அக்கா கொண்டு வந்தது நாச்சியார்கோயிலில் வாங்கிய மூன்றடி விளக்கு. தண்டின் மரையில் சிவப்பு நூல் பத்துச் சுற்று, எண்ணெயில் ஊறிக் கறுத்துப்போயிருந்தது.

முதலில் அளவு. நூலை எடுத்துவிட்டு, பிட்ச் கேஜ் என்கிற சீப்பு மாதிரித் தகடுகளை ஒவ்வொன்றாகத் தட்டின் உள்மரையில் வைத்துப் பார்த்தேன். ஓர் அங்குலத்துக்கு 12 மரை பொருந்தியது. மெட்ரிக் போல்ட் எதுவும் அதில் சேராது. பிறகு தண்டு. பூ வேலை செய்த தண்டை மூன்று தாடைச் சக்கில் நேராகப் பிடிக்க முடியாது. அலுமினியத் தகடு சுற்றி, நான்கு தாடைச் சக்கில் வைத்து, டயல் கேஜின் முள் அசையாமல் நிற்கும்வரை ஒவ்வொரு தாடையாக இறுக்கித் தளர்த்தினேன். அதற்கு மட்டும் நாற்பது நிமிடம். தேய்ந்த மரையைச் சீவி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 10.2 மி.மீ. துளை போட்டு உள்ளே எம்12 மரை வெட்டினேன்.

அப்புறம் பித்தளைக் கம்பியில் இருபக்க ஆணி. ஒரு பக்கம் எம்12, மறு பக்கம் அந்தப் பழைய 12 மரை. இரண்டாவது பக்கத்தைப் புத்தக அளவுக்கு வெட்டக் கூடாது, ஏனென்றால் தட்டின் உள்மரையும் தேய்ந்திருக்கிறது. கொஞ்சம் பெரிதாகவே வெட்டிக்கொண்டு, ஆணியைச் சக்கிலிருந்து கழற்றாமல், விளக்குத் தட்டையே கொண்டு வந்து திருகிப் பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் இன்னும் 0.05 மி.மீ. சீவி மறுபடி. கழற்றிவிட்டால் அதே மரைத் தடத்தில் டூலைத் திரும்பக் கொண்டுபோய் நிறுத்துவது பெரும்பாடு. நான்காவது தடவை தட்டு மெல்ல ஏறி, கடைசிச் சுற்றில் இறுகி நின்றது. ஆணியின் எம்12 பக்கத்தைத் தண்டுக்குள் மரைப் பசை போட்டு நிரந்தரமாக வைத்துவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் விளக்கில் கை வைத்த அடையாளமே தெரியாது.

முறுக்கு அச்சுக்குப் புதுத் தட்டு வேணும். பித்தளையிலேயே பளபளன்னு செஞ்சு தருவீங்களா?

லேத்தில் கடையும் பித்தளையில் வேண்டாம். எளிதாகச் சீவ வர வேண்டும் என்பதற்காக அந்தக் கம்பியில் ஈயம் சேர்த்திருப்பார்கள், எடையில் ஏறத்தாழ 3 சதவீதம். பளபளவென்று வருவதற்கும், சுருள் சிறுசிறு துகளாக உதிர்வதற்கும் அந்த ஈயமே காரணம். விளக்கு ஆணிக்கும் அலமாரிக் குமிழுக்கும் அருமையான உலோகம். வாயில் போகிற எதற்கும் கூடாது, உப்பும் புளிப்பும் சேரும் மாவுக்கு நிச்சயமாகக் கூடாது.

உணவு தொடும் பாகத்துக்கு 304 வகை ஸ்டெயின்லெஸ். வட்டத்தை லேத்தில் கடைந்து, துளைகளை மில்லில் போடுவேன். இடியாப்பத் தட்டுக்கு ஒன்றரை மி.மீ. துளை ஐம்பது அறுபது வேண்டும், டிரில் மெல்லியது, பொறுமை வேண்டும். முள்ளு முறுக்கின் நட்சத்திரத் துளை இன்னும் சுவாரசியமானது. சுற்றுகிற கட்டர் எதுவும் உள்பக்கக் கூர்மூலையை வெட்டாது. அதனால் நடுவில் ஓர் உருண்டைத் துளை போட்டுவிட்டு, ஊசி அரத்தால் ஒவ்வொரு முனையாகக் கையால் அறுத்து எடுக்கிறேன். முனை கூர்மையாக இருந்தால்தான் முறுக்கில் முள் நிற்கும். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

ஸ்லைடிங் கேட்டு சக்கரம் தேஞ்சு கிடக்கு. புதுச் சக்கரம் கடைஞ்சு தர முடியுமா?

சக்கரத்தை வாங்குங்கள், அச்சை நான் செய்து தருகிறேன். வி காடி, யு காடி இரண்டு வகைச் சக்கரமும் பேரிங்கோடு கடையில் கிடைக்கின்றன. நம் வீட்டுக் கேட்டுகளில் முதலில் சாவது அச்சு ஆணிதான். மழைநீர் நின்று துருப்பிடித்து, ஒரு பக்கம் தேய்ந்து, சக்கரம் சாய்ந்து ஓட ஆரம்பிக்கும். அதன்பிறகு சக்கரமும் போய்விடும். 12 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஆணியாக மாற்றினால் தொல்லை விடும். 6201 பேரிங்கின் உள் விட்டமும் 12 மி.மீ. என்பதால் பொருத்தம்.

உங்கள் தண்டவாளம் வழக்கத்துக்கு மாறான அளவு என்றால் மட்டும் சக்கரத்தையும் கடையலாம். அப்போது பேரிங்கை உள்ளே ஏற்றுகையில் வெளி வளையத்தில்தான் அழுத்த வேண்டும். உள் வளையத்தில் சுத்தியலால் அடித்தால் குண்டுகள் ஓடும் தடத்தில் பள்ளம் விழுந்து, புதுப் பேரிங் முதல் நாளே கரகரக்கும்.

எவ்வளவு வேகத்துல சுத்த விடணும்? எனக்கு டூல் முனை நீலமாகி மொக்கையாயிடுது.

ரொம்ப வேகமாக ஓட்டுகிறீர்கள். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலுக்கு ஒரு சுலபக் கணக்கு: சாதாரண எஃகுக்கு 8000-ஐ விட்டத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வரும். 20 மி.மீ. கம்பிக்கு 400. பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் அதைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு போகலாம். 304 ஸ்டெயின்லெஸுக்கு 5000-ஐ வகுங்கள், அதாவது அதே கம்பிக்கு 250. கார்பைடு முனை என்றால் இதைவிடக் கூட்டலாம்.

ஸ்டெயின்லெஸில் இன்னொரு குணம் உண்டு. டூல் வெட்டாமல் சும்மா உரசினால் அந்த இடம் கெட்டியாகிவிடும், அடுத்த தடவை டூல் இறங்காது. தயங்கித் தயங்கி வெட்டக் கூடாது. எண்ணெய் விட்டு, ஒரே சீராக நகர்த்திக்கொண்டே போக வேண்டும்.

வேகம் சரியாத்தான் வச்சேன், ஆனா வெட்டின இடம் அலை அலையா வருது, கீச்சுன்னு கத்துது.

ஏதோ ஒன்று வளைகிறது அல்லது ஆடுகிறது. இந்த வரிசையில் பாருங்கள். டூல் பிடியிலிருந்து அதிகம் நீட்டிக்கொண்டிருக்கிறதா? துண்டு சக்கிலிருந்து விட்டத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வெளியே நிற்கிறதா? நின்றால் சக்குக்கு எதிரே இருக்கும் டெயில்ஸ்டாக் முனையால் தாங்குங்கள். ஸ்லைடுகளின் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஜிப் திருகு தளர்ந்திருக்கிறதா? புது மினி லேத்துகளில் இது பெரும்பாலும் சரியாக இறுக்கப்படாமலேயே வருகிறது.

டூல் முனை நடுக்கோட்டு உயரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். முகம் சீவும்போது நடுவில் சின்னக் குமிழ் மிஞ்சினால் உயரம் சரியில்லை. பிடிக்குக் கீழே மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்யலாம்.

மிக்சி, கிரைண்டர் பாகமெல்லாம் செய்யலாமா?

கிரைண்டர் உருளையின் புஷ் தேய்ந்தால் செய்யலாம். மாவு படும் இடம் என்பதால் பித்தளை கூடாது, முறுக்குத் தட்டில் சொன்ன அதே காரணம். உணவுத் தரமான டெல்ரின் பிளாஸ்டிக் கம்பியைக் கேட்டு வாங்குங்கள், லேத்தில் வெண்ணெய் மாதிரி வரும். அச்சுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே 0.1 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

மிக்சியின் அடியில் இருக்கும் கப்ளரை மட்டும் இரும்பில் செய்து தரச் சொல்லி யாரும் கேட்காதீர்கள். அது மெத்தென்று இருப்பதற்குக் காரணம் உண்டு. ஜாரில் ஏதாவது சிக்கிக்கொண்டால் அது பிய்த்துக்கொண்டு போய் மோட்டாரைக் காப்பாற்றும். இரும்பில் போட்டால் அடுத்த தடவை மோட்டார் எரியும். கடைக் கப்ளரையே வாங்குங்கள், கழற்றும்போது பெரும்பாலும் இடது மரை என்பதை நினைவில் வையுங்கள்.

தைப்பூசத்துக்குக் காவடி கட்டுறோம், கையாலயே முடுக்குற மாதிரி நட்டு வேணும்.

இதற்காகவே டிசம்பரில் சில நாட்கள் ஒதுக்குவேன். 6061 அலுமினியத்தில் 25 மி.மீ. விட்டத் தலை, நர்லிங், எம்6 மரை. முதலில் பழகச் சொன்ன அதே குமிழ்தான். அதிகாலை இருட்டில், எண்ணெய்க் கையோடு, ஸ்பேனர் தேடாமல் முடுக்க முடிய வேண்டும், அதுதான் நோக்கம்.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்ச் சேரும்வரை காவடி ஆடிக்கொண்டே போகும், எந்த நட்டும் தானாகக் கழலும். அதனால் எடை தாங்கும் முக்கிய இணைப்புகளில் கை நட்டை நம்பாதீர்கள். அங்கே உள்ளே நைலான் வளையம் உள்ள பூட்டு நட்டைக் கடையில் வாங்கி ஸ்பேனரால் முடுக்குங்கள். அலங்காரத் தட்டு, மயிலிறகுப் பிடி, ஓரப் பட்டை இவற்றுக்கு மட்டும் நான் செய்கிற நட்டு.

பினாங்கு காத்துல எல்லாமே துருப்பிடிக்குது. மெஷினை எப்படிக் காப்பாத்துறது?

ஈரக்காற்றோடு கடல் உப்பும் சேருவதால் இங்கே ஒரே ராத்திரியில் செந்தூள் பூக்கும். வேலை முடிந்ததும் துகளைப் பிரஷ்ஷால் தள்ளிவிட்டு, ஐ.எஸ்.ஓ. 68 வகை ஸ்லைடு எண்ணெயை மெல்லிசாகத் தடவுங்கள். ஸ்பிரேயில் வரும் மெல்லிய எண்ணெய் சில நாளில் போய்விடும், அதை நம்ப வேண்டாம். பிளாஸ்டிக் உறை போட்டு இறுக்கி மூடாதீர்கள், உள்ளே வியர்த்துவிடும். பருத்தித் துணியை எண்ணெயில் நனைத்துப் பிழிந்து போர்த்துங்கள்.

கை வியர்வை எல்லாவற்றையும்விட மோசம். மைக்ரோமீட்டரை விரல் ரேகையோடு வைத்தால் மறுநாள் அந்த ரேகை துருவாகவே பதிந்திருக்கும். துடைத்து, எண்ணெய் பூசிப் பெட்டியில் வையுங்கள்.

கையுறை போட்டா பாதுகாப்புதானே? அங்கிள் நீங்க ஏன் போட மாட்டேங்குறீங்க?

சுற்றுகிற மெஷினில் கையுறை மிக ஆபத்து. நுனி மாட்டினால் கையுறை கிழியாது, கையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மோதிரம், கைக்கடிகாரம், நீளக் கை, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். கழுத்துச் சங்கிலியையும் கழற்றி வையுங்கள். தைப்பூச விரத காலத்தில் மாலை போட்டிருப்பவர்கள் அதைக் கழற்ற மனம் வராமல் சட்டைக்குள் விட்டுக்கொள்கிறார்கள். குனியும்போது வெளியே வந்துவிடும். விரதம் முடியும்வரை மெஷின் பக்கம் வர வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். நான் அப்படித்தான் இருக்கிறேன்.

கண்ணாடி எப்போதும் போட வேண்டும். சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு ஒரு வினாடிகூடக் கையை எடுக்காதீர்கள். மறந்து சுவிட்சைப் போட்டால் சாவி தோட்டா மாதிரிப் பறக்கும். நீளச் சுருளைக் கையால் இழுக்காதீர்கள், விரலை எலும்புவரை அறுக்கும். மெஷினை நிறுத்திவிட்டுக் கொக்கியால் எடுங்கள். சுற்றுகிற துண்டில் உப்புத்தாள் தேய்க்கும்போது தாளை விரலில் சுற்றிக்கொள்ளவே கூடாது.

மில்லுல எண்ட்மில்லை டிரில் சக்குல மாட்டித்தான் ஓட்டுறேன். தப்பா?

தப்பு. டிரில் சக், கீழ்நோக்கி அழுத்துவதற்காகச் செய்தது. எண்ட்மில் என்கிற மில்லிங் கட்டர் பக்கவாட்டில் தள்ளும். அதிர்வில் சக்கின் கூம்புப் பிடி விட்டுவிடும், அல்லது கட்டர் மெல்லக் கீழே இறங்கித் துண்டைத் தின்றுவிடும். கட்டரைச் சுற்றிலும் இறுக்கிப் பிடிக்கும் கோலெட் வாங்கிப் போடுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். துண்டைக் கட்டரின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் நகர்த்துங்கள். அதே திசையில் நகர்த்தினால், சின்ன மெஷினின் திருகில் இருக்கும் தளர்ச்சியால் கட்டர் துண்டை வெடுக்கென்று தன்பக்கம் இழுத்துக்கொள்ளும்.

நேத்து அளந்தப்ப சரியா இருந்துச்சு, இன்னிக்குக் காலைல லொடலொடன்னு இருக்கு. மைக்ரோமீட்டர் கெட்டுப்போச்சா?

மைக்ரோமீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. சூடாக இருக்கும்போது அளந்திருக்கிறீர்கள். 50 மி.மீ. அலுமினியம் 40 டிகிரி சூடேறினால் 0.05 மி.மீ. அளவுக்குப் பெருக்கும், எஃகு அதில் பாதி. சூட்டில் சரியாக வந்த அச்சு, ஆறியதும் சுருங்கிவிடும். இறுக்கமாக ஏற வேண்டிய இடத்தில் 0.02 மி.மீ. வித்தியாசமே எல்லாவற்றையும் கெடுக்கும்.

கடைசிச் சீவலுக்கு முன் நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்து வாருங்கள். துண்டைத் தொட்டால் கைக்குச் சூடு தெரியக் கூடாது. அதற்குப் பிறகு அளந்து, கடைசி 0.2 மி.மீ.-ஐ எடுங்கள்.

எதையெல்லாம் செய்ய மாட்டீங்க?

கேஸ் ரெகுலேட்டர், கேஸ் குழாய் இணைப்பு, மோட்டார் சைக்கிளின் பிரேக், ஸ்டீயரிங் பாகம், சீலிங் ஃபேன் தொங்கும் கொக்கி, ஆளைத் தூக்கும் எதுவும் செய்ய மாட்டேன். பிரஷர் குக்கரின் விசில் வெயிட்டைப் பலர் கேட்கிறார்கள், பார்க்கச் சின்ன உருண்டைதானே என்று. உள்ளே எவ்வளவு அழுத்தம் நிற்க வேண்டும் என்பதை அந்த எடைதான் தீர்மானிக்கிறது. நான் கொஞ்சம் கனமாகச் செய்துவிட்டால் சமையலறையில் இருப்பவருக்கு ஆபத்து. அந்தக் குக்கருக்கே உரிய வெயிட்டைத் தேடி வாங்குங்கள்.

துப்பாக்கி சம்பந்தப்பட்ட எதையும், அது பொம்மைக்கு என்று சொன்னாலும், தொட மாட்டேன். இந்த நாட்டில் 1960 ஆயுதச் சட்டமும் 1971 சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனை) சட்டமும் மிகக் கடுமையானவை.

என் மகளுக்குப் பதிமூணு வயசு, கத்துக்க ஆசைப்படுறா. விடலாமா?

தாராளமாக. பக்கத்திலேயே பெரியவர் நிற்க வேண்டும், கூந்தலை இறுக்கிக் கட்ட வேண்டும், கண்ணாடி போட வேண்டும். முதல் மாதம் மெஷினையே தொட வேண்டாம், வெர்னியரில் அளக்கக் கற்றுக்கொடுங்கள். வீட்டில் இருக்கும் மூடி, நாணயம், பேனா என்று எல்லாவற்றையும் அளந்து படம் வரையட்டும். அளக்கத் தெரிந்த பிள்ளை மெஷினில் தவறு செய்வது குறைவு.

உடைஞ்ச பாகமே தொலைஞ்சு போச்சு. மாதிரி இல்லாம எப்படிச் செய்வீங்க?

தொலைந்த பாகம் உட்கார்ந்திருந்த இடம் இருக்கிறதல்லவா, அதை அளக்க வேண்டும். ஒரு பாட்டியின் பழைய சிங்கர் தையல் மெஷின் வந்தது, திருகு ஒன்று இல்லை. சிங்கர் மெஷின்களில் கடையில் கிடைக்காத தனி மரைகள் உண்டு. துளையோ விரல் நுழையாத அளவு சிறியது, பிட்ச் கேஜ் உள்ளே போகாது. ஒரு தீக்குச்சியின் முனையில் இளக்கிய மெழுகுவர்த்தி மெழுகை உருட்டி, துளைக்குள் பக்கவாட்டில் அழுத்தி, ஆறியதும் எடுத்தேன். மெழுகில் மரைத் தடம் அப்படியே பதிந்து வந்தது. அதைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பிட்ச் கேஜோடு ஒப்பிட்டேன்.

விட்டத்துக்கு, ஒன்றுக்கொன்று 0.1 மி.மீ. வித்தியாசத்தில் மூன்று ஆணிகளைக் கடைந்து மூன்றிலும் அதே மரை வெட்டினேன். முதலாவது ஆடியது, மூன்றாவது நுழையவில்லை. நடு ஆணி விரலாலேயே கடைசிவரை ஏறியது. மற்ற இரண்டையும் எண்ணெய்த் தாளில் சுற்றி, அளவை எழுதி அலமாரியில் வைத்திருக்கிறேன், அடுத்த சிங்கர் வரும்போது அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.